ஒற்றை நட்சத்திரமும் உருப்படிக் கூலியும்

கார்வேட்டிநகரத்துக்குச் சற்றுத் தள்ளி, புத்தூர் போகும் வழியில், தறி போட்டுப் பிழைக்கும் குடும்பம் ஒன்று இருக்கிறது. குடும்பத்துப் பெரியவர் நம் கட்சியின் பழைய உறுப்பினர். பள்ளியில் தெலுங்கு படித்தவரானாலும், இந்த வார இதழை எழுத்துக்கூட்டியாவது கடைசிப் பக்கம்வரை படித்துவிடுகிறவர். அவருடைய மருமகள் பட்டப்படிப்பு முடித்தவர். பாவு கொடுக்கும் முதலாளியிடம் கூலிக்கு நெய்து கட்டுப்படியாகவில்லை என்று, சொந்தமாக நூல் வாங்கி நெய்த பருத்திச் சேலைகளைக் கைப்பேசியில் படமெடுத்து, இணைய விற்பனைத் தளம் ஒன்றில் கடை திறந்தார். எட்டு மாதம் ஓரளவு நடந்தது.

பிறகு ஒருநாள், ஒரு சேலைக்கு ஒரே ஒரு நட்சத்திரம் வந்து விழுந்தது. துணியில் அங்கங்கே நூல் முடிச்சு தட்டுப்படுகிறது, பழுதான சரக்கு என்பது வாங்கியவரின் தீர்ப்பு. அடுத்த வாரம் இன்னொன்று. கூரியர்காரர் ஐந்து நாள் தாமதித்ததற்கு. மூன்றாவது, திரையில் கண்ட அரக்கு நிறம் நேரில் அப்படி இல்லை என்பதற்கு. அந்த மாதமே தேடலில் அவருடைய கடை கண்ணுக்கெட்டாத பக்கங்களுக்குத் தள்ளப்பட்டது. அதற்கடுத்த மாதம் கணக்கு 'ஆய்வில்' வைக்கப்பட்டது. விற்ற சேலைகளுக்கு வரவேண்டிய பணமும் நின்றது.

நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் முறையீடு எழுதித் தரவேண்டும் என்று என்னை அழைத்தார்கள். போனேன். "அறுந்த இழைய முடிச்சு போடாம தறி எப்பிடிண்ணா ஓடும்?" என்று அந்தப் பெண் கேட்டார். இதைவிடத் தெளிவாக அந்த வழக்கை வாதிட என்னால் முடியவில்லை. அவர் கேட்டதையே ஆங்கிலமாக்கி அனுப்பினேன். ஏழு முறை எழுதினோம். ஏழு முறையும் அதே பதில், அதே சொற்களில், அதே நன்றியுடன் வந்தது. மொழிபெயர்ப்பில் காலம் கழித்தவன் நான். மனிதர் எழுதிய வாக்கியத்துக்கும் எந்திரம் கொட்டிய வாக்கியத்துக்கும் உள்ள வேறுபாடு எனக்குத் தெரியும். அந்த ஏழு கடிதங்களையும் நிறுவனத்தில் ஒரு மனிதர்கூடப் படிக்கவில்லை.

இதை நம் வட்டாரக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னபோது இரண்டு கருத்துகள் எழுந்தன. இது சிறு வணிகர் பிரச்சினை, வணிகர் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும், உழைக்கும் வர்க்கக் கட்சிக்கு இதில் என்ன வேலை என்றார் ஒரு தோழர். காசு கொடுத்து வாங்குகிறவர் தன் கருத்தைச் சொல்கிறார், அது நுகர்வோர் உரிமை, அதைக் குறைசொன்னால் மக்களுக்கு எதிராக நிற்பதாகும் என்றார் இன்னொருவர். இருவரும் என்னைவிடப் போராட்ட அனுபவம் மிக்கவர்கள். ஆயினும் இவ்விரு கருத்துகளும் தவறானவை என்றே கருதுகிறேன். கூட்டத்தில் நேரமின்மையால் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

பங்காளியா, கூலியாளா?

முதலில் சொற்களைப் பார்ப்போம். அது என் தொழில்நோய். இந்த நிறுவனங்கள் தம் தளத்தில் விற்பவரையும், பொருளைக் கொண்டு சேர்ப்பவரையும், வீட்டுக்கு வந்து முடி வெட்டுபவரையும் 'பார்ட்னர்' என்கின்றன. பங்குதாரர் என்று தமிழாக்கினால், பங்கு எங்கே என்ற கேள்வி வருகிறது. பங்காளி என்றால், நம்மூரில் வரப்புத் தகராறும் நீதிமன்ற வாய்தாவும்தான் நினைவுக்கு வரும். உண்மையில் பங்காளியாக இருந்தால் வழக்காவது போடலாம்; இங்கே அதற்கும் வழியில்லை. 'ஃபீட்பேக்' என்பதைப் பின்னூட்டம் என்கிறோம். இந்த ஊட்டம் யார் வயிற்றுக்குப் போகிறது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

அந்தப் பெண் வணிகரா? தறி அவருடையது, நூல் அவருடையது, உழைப்பும் அவருடையது. ஆனால் சந்தை அவருடையதன்று. விலையைத் தீர்மானிப்பது பெயரளவில் அவர். தள்ளுபடி நாளில் விலையைக் குறைக்காதவரின் சரக்கு தேடலில் காணாமற்போகிறது. கழிவுத் தொகை எவ்வளவு, பணம் எப்போது வரும், திரும்பி வரும் பொருளின் போக்குவரத்துச் செலவை யார் ஏற்பது என எதையும் அவர் தீர்மானிப்பதில்லை. வாங்கியவரின் பெயரும் முகவரியும் அந்த ஒரு பொட்டலத்தை அனுப்பும் அளவுக்குத்தான் அவருக்குக் காட்டப்படுகின்றன. வாடிக்கையாளர் அவருடைய வாடிக்கையாளர் அல்லர். இத்தனையும் பறிகொடுத்தவரை வணிகர் என்பது, பாவும் ஊடையும் முதலாளி கொடுக்க வீட்டில் உட்கார்ந்து நெய்கிறவரைத் 'தறி உரிமையாளர்' என்று அரசுக் கணக்கில் எழுதிக்கொண்டு தொழிலாளர் சட்டத்திலிருந்து விலக்கி வைத்த பழைய தந்திரம்தான்.

மார்க்ஸின் மூலதனம் முதல் தொகுதியில் உருப்படிக் கூலி பற்றிய அத்தியாயத்தைத் தோழர்கள் மறுபடி எடுத்துப் படிக்கவேண்டும். நாள் கூலிக்கு ஆள் வைத்தால் மேற்பார்க்க ஒருவர் வேண்டும். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலியைக் கட்டினாலோ, அந்தச் செலவின் பெரும்பகுதி மிச்சம். செய்து முடித்த பொருளே தொழிலாளியின் மீது மேற்பார்வையாளனாக நிற்கிறது. தரம் குறைவு என்று சொல்லிப் பிடித்தம் செய்ய வாசல் திறக்கிறது. முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே ஒட்டுண்ணிகள் நுழைகிறார்கள். இவை யாவும் அங்கே விளக்கப்பட்டிருக்கின்றன. அந்த நூலில் இல்லாதது ஒன்றே ஒன்று. தரம் பார்க்கும் வேலையையும் கூலியில்லாமல் பிறரைச் செய்யவைக்கலாம் என்பது அன்றைய மான்செஸ்டர் ஆலை முதலாளிக்குத் தோன்றவில்லை. இன்றைய நிறுவனத்துக்குத் தோன்றியிருக்கிறது. மேஸ்திரியின் கோலைப் பிடுங்கி வாங்குகிறவரின் கட்டைவிரலில் வைத்துவிட்டது. வாங்குகிறவருக்குத் தம் விரலில் கோல் இருப்பது தெரியாது. ஐந்தில் ஒன்றைத் தொட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

நெசவாளருக்கு இது புதிதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்குகளில் நெசவாளர் கொண்டுவந்த துணியைத் தரம் பிரித்து, மட்டமென்று விலையைக் குறைப்பதும் ஒதுக்கித் தள்ளுவதும் அன்றாட நடைமுறை. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும் பழைய உரிமையையும் கம்பெனி ஆட்சி தென்னிந்திய நெசவாளரிடமிருந்து பறித்தது. ஊரோடு தறியை நிறுத்திவிட்டு வெளியேறுவது அவர்கள் கையாண்ட எதிர்ப்பு முறை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்தக் குமாஸ்தாவுக்கு முகம் இருந்தது. துணியை விரித்து, இன்ன குறை என்று சொல்லியாக வேண்டியிருந்தது. எதிரே நெசவாளன் நின்றுகொண்டிருந்தான்.

ஒரு விழுக்காட்டுக் கணக்கு

அந்தக் குடும்பம் விற்ற தளம் எது என்பது இங்கே தேவையில்லை. விதிகள் வெளிப்படையாகக் கிடைக்கும் பெரிய நிறுவனம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அமேசான் தன் விற்பனையாளர்களுக்கு வைத்திருக்கும் முதன்மையான அளவுகோல், குறையுள்ள ஆர்டர்களின் விகிதம். 60 நாள் காலத்து ஆர்டர்களில், ஒன்று அல்லது இரண்டு நட்சத்திரம் பெற்றவை, உத்தரவாத முறையீட்டுக்கு உள்ளானவை, வங்கி வழியே பணத்தைத் திரும்பப் பெற வழக்காடப்பட்டவை என எல்லாம் சேர்த்து 1 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்கவேண்டும். மீறினால் கணக்கு முடக்கப்படலாம்.

இது எல்லோருக்கும் பொதுவான விதிதானே, இதில் வர்க்கம் எங்கே வந்தது என்று கேட்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 60 நாளில் 10,000 ஆர்டர் அனுப்பும் பெருவிற்பனையாளருக்கு 50 பேர் ஒற்றை நட்சத்திரம் குத்தினால் விகிதம் 0.5 விழுக்காடு. அவர் நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டு தறி வைத்திருப்பவர் அதே 60 நாளில் 40 சேலை அனுப்புகிறார். ஒரே ஒருவர், கூரியர்காரர் மீதுள்ள கோபத்தில் ஒற்றை நட்சத்திரம் இட்டால், விகிதம் 2.5 விழுக்காடு. ஐம்பது பேரைக் கோபப்படுத்தியவர் நல்ல விற்பனையாளர். ஒருவரைக்கூடத் தாமாகக் கோபப்படுத்தாதவர் கெட்ட விற்பனையாளர்! பணக்காரனும் ஏழையும் பாலத்தடியில் படுக்கக்கூடாது என்று பொதுவாகச் சட்டம் போடுவதுபோலத்தான் இந்தப் பொது விதி.

சராசரியும் அப்படியே. ஒன்பது பேர் ஐந்தும் ஒருவர் ஒன்றும் இட்டால் 4.6. அதை 4.8க்கு உயர்த்த, இடையில் ஒருவர்கூட முகம் சுளிக்காமல், இன்னும் பத்துப் பேர் ஐந்து இடவேண்டும். சிறியவருக்கு அந்தப் பத்து ஆர்டர் வருவதற்குள் தேடலில் அவர் பெயர் மூழ்கிவிடும். மூழ்கினால் ஆர்டர் வராது. ஒரு நட்சத்திரக் கூடுதல் ஓர் உணவகத்தின் வருமானத்தை 5 முதல் 9 விழுக்காடு உயர்த்துகிறது என்று ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் லூக்கா 2011இல் அமெரிக்கத் தரவுகளைக் கொண்டு காட்டினார். ஏறும்போது உண்மையானால் இறங்கும்போதும் உண்மைதான். ஆக, ஒற்றை நட்சத்திரம் என்பது கருத்து அன்று. அது கூலிப் பிடித்தம்.

இந்தப் பிடித்தத்திலிருந்து தப்ப ஒரு வழி உண்டு. அதையும் அந்த நிறுவனமே விற்கிறது. சரக்கை அமேசானின் கிடங்கில் வைத்து, அதன் ஏற்பாட்டிலேயே அனுப்புவதற்குக் கட்டணம் கட்டுகிற விற்பனையாளருக்கு, தாமதத்தாலோ பொட்டலம் நசுங்கியதாலோ கெட்ட பின்னூட்டம் வந்தால், நிறுவனம் அதன்மீது கோடு கிழித்து, பொறுப்பு தன்னுடையது என்று குறித்துவிடுகிறது. தம் கையால் பொட்டலம் கட்டி அனுப்புகிற எளியவருக்கு அந்தத் தயவு தானாகக் கிடைப்பதில்லை. எது நியாயமான குறை, எது அநியாயமான குறை என்று பிரித்தறிய நிறுவனத்துக்குத் தெரியாமலில்லை என்பதை இதைவிட எப்படி மெய்ப்பிப்பது? நியாயம் கிடங்குக் கட்டணத்தோடு சேர்த்து விற்கப்படுகிறது.

நீதிபதியே போட்டியாளராகவும் இருக்கிறார் என்பது இன்னும் மோசம். குறிப்பிட்ட சில விற்பனையாளர்களுக்குச் சலுகை காட்டுவதாக டெல்லி வியாபார் மகாசங்கம் தொடுத்த புகாரின்பேரில், அமேசான், ஃபிளிப்கார்ட் இரண்டின்மீதும் விசாரணை நடத்த இந்தியப் போட்டி ஆணையம் 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. விசாரணையே கூடாதென்று இரு நிறுவனங்களும் நீதிமன்றப் படியேறின. அமேசான் தன் சொந்தப் பெயரில் விற்கும் பொருள்களைத் தேடலில் முன்னே தள்ளியதாக, உள் ஆவணங்களை ஆதாரம் காட்டி 2021 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் எழுதியது, நிறுவனம் மறுத்தது. ஃபிளிப்கார்ட்டின் சுமார் 77 விழுக்காட்டுப் பங்குகளை 2018இல் 1,600 கோடி டாலருக்கு வால்மார்ட் வாங்கியதை நாம் மறந்துவிடவில்லை. 2012இல் சில்லறை வணிகத்தில் அந்நிய நேரடி முதலீட்டை எதிர்த்துத் தெருவில் நின்றோம். முன்வாசலில் நாம் மறியல் செய்துகொண்டிருந்தபோது பின்வாசல் கைப்பேசிக்குள் திறந்தது.

வாங்குகிறவர் எதிரியா?

இரண்டாவது தோழரின் கருத்துக்கு வருகிறேன். நுகர்வோர் உரிமை என்று அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. திருப்பெரும்புதூர் ஆலையில் ஒப்பந்த வேலை பார்க்கும் பெண், தீபாவளிக்கு அம்மாவுக்கென்று ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து ஒரு சேலை வாங்குகிறார். கைத்தறி என்ற பெயரில் விசைத்தறித் துணியும், பருத்தி என்ற பெயரில் பாலியஸ்டரும் விற்கப்படும் சந்தையில், அந்த ஒற்றை நட்சத்திரம்தான் அவருக்குக் கிடைத்த ஒரே ஆயுதம். கடைக்காரரின் முகத்தைப் பார்த்துப் பேரம் பேசவோ, துணியை விரலில் தேய்த்துப் பார்க்கவோ அவருக்கு வழியில்லை. தாமதத்துக்குக் காரணம் கூரியரா, நெசவாளரா, நிறுவனமா என்று அவருக்கு எப்படித் தெரியும்? கோபத்தை இறக்கி வைக்க அவருக்குக் காட்டப்பட்டது ஒரே ஒரு இடம், அங்கே இறக்கிவைத்தார். அவரும் உழைப்பாளி, நெய்தவரும் உழைப்பாளி. ஒருவரை ஒருவர் தண்டிக்கும்படி எதிரெதிரே நிறுத்திவிட்டு, நடுவில் நிற்பவர் கழிவுத் தொகையை எண்ணிக்கொண்டிருக்கிறார். இதைக் காணாமல் நுகர்வோர் உரிமை என்று மட்டும் பேசுவது, இரண்டு ஏழைகளின் சண்டையில் ஒருவர் பக்கம் சேர்ந்துகொள்வதாகும்.

விற்கிறவர்களும் இதே பிழையைச் செய்ததுண்டு. இணைய ஏல நிறுவனமான ஈபே 1996இல் பின்னூட்ட முறையைத் தொடங்கியபோது வாங்குபவரும் விற்பவரும் ஒருவருக்கொருவர் மதிப்பிடலாம் என்றிருந்தது. வாங்கியவர் குறை சொன்னால் விற்றவர் பழிக்குப் பழி வாங்கினார். அதற்கு அஞ்சி வாங்கியவர்கள் வாய்மூடினர். 2008இல் அந்நிறுவனம், விற்பவர் இனி வாங்குபவருக்குக் கெட்ட பின்னூட்டம் இடவே முடியாது என்று விதியை மாற்றியது. அதோடு கட்டணங்களிலும் கைவைத்தது. அவ்வாண்டு பிப்ரவரி 18 முதல் 25 வரை விற்பனையாளர்கள் பொருள் பட்டியலிடாமல் ஒரு வார வேலைநிறுத்தம் செய்தார்கள். கடைக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்ற அந்தச் செய்தியே, அவர்கள் எந்த வர்க்கத்தை நோக்கித் தள்ளப்பட்டிருந்தார்கள் என்பதற்குச் சான்று. ஆனால் பழிக்குப் பழி வாங்கும் உரிமையைத் திருப்பிக் கொடு என்ற கோரிக்கை ஊரார் ஆதரவைப் பெறக்கூடியதா? வேலைநிறுத்தம் ஓய்ந்தது, அவ்வாண்டு மே மாதம் விதி நடைமுறைக்கு வந்தது. அடிக்கிற கோலில் தமக்கும் ஒன்று கேட்டார்களே தவிர, கோலை வைத்திருப்பவனைக் கேள்வி கேட்கவில்லை.

வெறுப்பினால் இடப்படும் நட்சத்திரங்கள் வேறு வகை. 2015 நவம்பரில் நடிகர் ஆமிர்கான் நாட்டில் பெருகும் சகிப்பின்மை பற்றிப் பேசினார்; அவர் விளம்பரத்தில் நடித்தார் என்பதற்காக ஸ்னாப்டீல் செயலிக்கு ஒற்றை நட்சத்திரங்களைப் பொழிந்தது இந்துத்துவக் கும்பல். 2017 ஏப்ரலில், இந்தியா ஏழை நாடு என்று ஸ்னாப்சாட் நிறுவனத்தலைவர் சொன்னதாகச் செய்தி பரவியபோது, பெயர்க் குழப்பத்தில் மறுபடியும் ஸ்னாப்டீலுக்கே அடி விழுந்தது. சிரிப்பதற்குரிய செய்திதான். பெரிய நிறுவனம், தாங்கிக்கொண்டது. பெயரைப் பார்த்தாலே மதம் தெரிகிற சிறு விற்பனையாளருக்கு இது நேர்ந்தால்? 2019இல் ஜபல்பூரில் ஒருவர், உணவு கொண்டுவருகிறவர் இந்து அல்லர் என்பதற்காக ஆர்டரை ரத்து செய்து அதைப் பெருமையாக அறிவித்துக்கொண்டார். அவர் வாய்விட்டுச் சொன்னதால் நாடு அறிந்தது. வாய்விட்டுச் சொல்லாமல் நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டுப் போகிறவரின் சாதிவெறியும் மதவெறியும் சராசரிக்குள் கரைந்து, தூய கணிதமாக வெளியே வருகின்றன.

ஐந்து நட்சத்திரம் பெற நல்ல சேவை செய்யுங்கள், கனிவாகப் பதில் எழுதுங்கள், பொட்டலத்துக்குள் நன்றிச்சீட்டு வையுங்கள் என்று அறிவுரை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண் இதையெல்லாம் செய்திருந்தார். சேலையோடு ஒரு சிமிழ் குங்குமம்கூட வைத்து அனுப்பியிருந்தார். அறிவுரைக் கும்பலுக்குப் பின்னால் நட்சத்திர வியாபாரிகள் வருகிறார்கள். காசுக்கு நட்சத்திரம் இடும் வேலை என்று ஆசைகாட்டித்தான் எத்தனையோ இளைஞர்களின் சேமிப்பு சுருட்டப்பட்டது. இத்தகைய பகுதிநேர வேலை மோசடியில் ஈடுபட்ட நூற்றுக்கு மேற்பட்ட இணையதளங்களை 2023 டிசம்பரில் ஒன்றிய அரசே முடக்கவேண்டியதாயிற்று. நட்சத்திரமே சரக்காகிவிட்ட சந்தையில் கனிவு என்ன செய்யும்?

கேட்கவேண்டியது எது?

2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, நுகர்வோர் புகார் அளித்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதை ஒப்புக்கொள்ளவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். நல்லது. தேடலில் யாரை முன்னே காட்டுகிறோம் என்பதற்கான முதன்மை அளவீடுகளை விளக்கவேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. ஆனால் விற்பவர் புகார் செய்தால் எத்தனை மணி நேரம்? விதி மௌனம். 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணைய மதிப்புரைகளுக்கென்று ஐ.எஸ். 19000 என்ற தரநிலையை வெளியிட்டது. அதையும் விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில் விட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் முதலாளித்துவ அரசுகளின் கூட்டமைப்புதான். அங்கேயே 2020 ஜூலை 12 முதல் ஓர் ஒழுங்குமுறை நடைமுறையில் இருக்கிறது. தளத்தில் விற்பவரின் கணக்கைக் கட்டுப்படுத்தினால் காரணத்தைத் தெரிவிக்கவேண்டும். அடியோடு நீக்குவதென்றால் பொதுவாக 30 நாள் முன்னறிவிப்புத் தரவேண்டும். மிகச் சிறிய தளங்கள் நீங்கலாக, முறையீட்டை விசாரிக்க உள் ஏற்பாடு இருக்கவேண்டும். நம் நாட்டில் இந்த உரிமையைப் போராடிக் கேட்டவர்கள் கடை வைத்தவர்கள் அல்லர். அர்பன் கம்பெனியில் வேலை செய்யும் அழகுக்கலைப் பெண்கள், மதிப்பீடு 4.7க்குக் கீழே போனால் கணக்கு முடக்கப்படுகிறது என்று 2023இல் பல நகரங்களில் தெருவுக்கு வந்தார்கள். கர்நாடகம் 2025இல் இயற்றிய தளத் தொழிலாளர் சட்டம், எழுத்து மூலமான காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் இன்றி ஒருவரை நீக்கக்கூடாது என்கிறது. இத்தகைய சட்டங்கள் தொழிலாளரோடு நின்றுவிடுகின்றன. தன் கையால் நெய்து விற்கும் அந்தப் பெண், தொழிலாளர் சட்டத்துக்கும் வணிகச் சட்டத்துக்கும் நடுவேயுள்ள பள்ளத்தில் கிடக்கிறார். அவரைக் கைதூக்கிவிடாமல் 'வணிகர்' என்று பெயர் சூட்டி அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார் முதல் தோழர்.

காரணம் சொல்லாமல் கணக்கை முடக்காதே. முறையீட்டை மனிதர் படிக்கவேண்டும், அவர் பெயரும் பொறுப்பும் தெரியவேண்டும். விநியோகத்துக்கும் பொருளுக்கும் மதிப்பீட்டைத் தனித்தனியே பிரி. சில பத்து ஆர்டர் அனுப்புகிறவரை விழுக்காட்டால் அளக்காதே. விற்ற பொருளின் பணத்தை ஆய்வு என்ற பெயரில் பிடித்து வைக்காதே. இவற்றில் எதுவும் வாங்குகிறவரின் உரிமையில் ஒரு நூலிழையைக்கூடக் குறைப்பதன்று. அவருடைய புகாரும் அப்போதுதான் சேரவேண்டிய இடத்தைச் சேரும்.

எங்கள் எல்லைப்புறத்துக்கு மட்டும் உரிய இன்னொரு கொடுமையையும் சொல்லவேண்டும். 1960இல் பட்டாஸ்கர் தீர்ப்பின்படி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கார்வேட்டிநகரம் ஆந்திரத்திலேயே நின்றது. உறவு அறுபடவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும், பள்ளிப்பட்டுச் சந்தைக்குப் போவதும் இன்றும் நடக்கின்றன. 2023 அக்டோபர் 1 முதல், வரம்புக்குட்பட்ட சிறு விற்பனையாளர்கள் சரக்கு சேவை வரிப் பதிவில்லாமலேயே மின்வணிகத் தளங்களில் விற்கலாம் என்று ஒன்றிய அரசு சலுகை அறிவித்தது. மாநிலத்துக்குள் மட்டும் என்பது நிபந்தனை. ஸ்ரீகாகுளத்துக்கு அனுப்பலாம். பேருந்தில் போய்த் திரும்பக்கூடிய பள்ளிப்பட்டில், இந்தச் சேலையின் அருமை தெரிந்த அத்தை வீட்டுக்குத் தளம் வழியாக விற்கவேண்டுமென்றால் பதிவு வேண்டும், மாதாமாதம் கணக்கருக்குக் காசு அழவேண்டும். ஆகவே முடிச்சு என்றால் என்னவென்று தெரிந்தவர்களிடம் விற்க முடியாமல், தெரியாதவர்களிடம் விற்று, அவர்களிடம் நட்சத்திரம் இழக்கிறார்.

கூட்டுறவுச் சங்கம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நிலுவையும் இருக்கிறது. ஆயினும் அங்கே துணியை மேசைமேல் விரித்துப் பார்ப்பவர் ஒரு மனிதர். எதிரே நெசவாளர் நிற்கலாம், வாதிடலாம், சங்கத் தேர்தலில் அவரைத் தோற்கடிக்கலாம். கூட்டுறவுகளை மீட்பதும் இணையத் தளங்களைக் கட்டுப்படுத்துவதும் ஒரே போராட்டத்தின் இரண்டு தறிகள் என்பது என் கருத்து. இதில் மாறுபடும் தோழர்கள் எழுதட்டும்.

அந்தப் பெண்ணின் பணத்தில் ஒரு பகுதி மூன்று மாதத்துக்குப் பிறகு வந்துவிட்டது. கணக்கு இன்னும் திறக்கப்படவில்லை. நகரி, புத்தூர், நாராயணவனம் வட்டாரத்தில் இவ்வாறு முடக்கப்பட்டவர்களை விசாரித்து வருகிறோம்; இதுவரை பதினொருவர் கிடைத்திருக்கிறார்கள், அவர்களில் எழுவர் பெண்கள், ஒருவர் மாங்காய் ஊறுகாய் விற்றவர். வரும் ஞாயிறு காலை புத்தூர்க் கட்சி அலுவலகத்தில் கூடுகிறோம். தோழர்கள் தத்தம் ஊரில் இத்தகையவர் இருந்தால் அழைத்து வரவேண்டும். கணக்கு முடக்க அறிவிப்பையும் பின்னூட்டங்களையும் படமெடுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழிலோ தெலுங்கிலோ சொல்ல நான் அங்கே இருப்பேன்.